நடுக்கம்பம்

என் வீட்டுக்காரர் வெல்டர். அவர் பற்றவைத்த கேட்டை யானை கட்டி இழுத்தாலும் அசையாது என்று தெருவே சொல்லும். எனக்கும் அதில் பெருமைதான். இப்போது யாராவது அப்படிச் சொன்னால் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

எங்கள் தெருவின் ஒரு கோடியில் மணல் கிடங்கு. பெரிய சாலையைச் சுற்றிப் போனால் டீசல் செலவாகுமே என்று லாரிகள் கிடங்கின் பின்கேட் வழியாக எங்கள் தெருவுக்குள் புகுந்துதான் போகும். எதிர்வீட்டுத் தையல்காரியின் மூத்த பையன் புத்தகப் பையோடு அந்த லாரி ஒன்றின் அடியில் போனான். அள்ளிக்கொண்டு ஓடியது இவர்தான். திரும்பி வந்தவர் கையைக்கூடக் கழுவாமல் பட்டறைக்குள் நுழைந்து, கிடந்த இரும்புக் குழாய்களை எல்லாம் இழுத்துப் போட்டார்.

விடிந்தபோது தெருவின் மறுமுனையில், லாரிகள் வெளியேறும் இடத்தில், மூன்று கம்பங்கள் நின்றன. ஓரத்துக் கம்பங்கள் கான்கிரீட்டில் புதைத்தவை. நடுக்கம்பம் மட்டும் தரையில் பதித்த ஒரு குட்டிக் குழாய்க்குள் செருகி நிற்கும். பூட்டைத் திறந்தால் உருவி எடுத்துவிடலாம். அவசர வண்டி வரவேண்டுமே என்று அவரேதான் யோசித்து அப்படிச் செய்தார். அந்த அளவுக்குப் புத்தி இருந்த மனுஷன்தான்.

நகரசபையிலிருந்து பிடுங்க வந்தார்கள். தெரு மொத்தமும் குறுக்கே நின்றது. தேர்தல் வந்ததும், "நீங்களே நில்லுங்க" என்று எல்லாரும் சேர்ந்து இவரைத் தள்ளிவிட்டார்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் ஆள். "பத்த வைக்கிறவனுக்கா ஓட்டு?" என்று எதிர்த்து நின்றவன் கிண்டலடித்தான். ஜனங்கள் ஓட்டை அள்ளிப் போட்டார்கள்.

ஜெயித்த அன்று தையல்காரி கைக்குழந்தையோடு வந்தாள். மூத்தவன் போன பிறகு பிறந்தவன்.

"அண்ணே, இவனாவது இந்தத் தெருவுல ஓடி விளையாடணும்."

"விளையாடுவான்மா. அதுக்கு நான் பொறுப்பு."

அதன் பிறகு எங்கள் வீடு சத்திரம் ஆனது. குழாயில் தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை, பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது, எல்லாவற்றுக்கும் மெம்பர்தான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவார். முணுமுணுத்தது நான்தான், அவர் முகம் சுளித்ததே இல்லை.

லாரிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பூட்டை உடைத்தார்கள். இவர் அதைவிடப் பெரிய பூட்டாகப் போட்டார். அதையும் உடைத்து, கம்பத்தைச் சாக்கடையில் தள்ளிவிட்டுப் போனார்கள். திரும்பத் திரும்ப இதே கூத்து. வேறு யாராக இருந்தாலும் புகார் கொடுத்திருப்பார்கள், காவலுக்கு ஆள் போட்டிருப்பார்கள். இவர் வெல்டர். ஒருநாள் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நடுக்கம்பத்தை அடிக்குழாயோடு சேர்த்துச் சுற்றிலும் பற்றவைத்துவிட்டார்.

"ஏங்க, அவசரத்துக்கு வண்டி வந்தா?"

"நான் எங்க போயிடப் போறேன்? கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள அறுத்து எடுத்துட மாட்டேனா?"

தெருவே கைதட்டியது. தையல்காரி ஜன்னலில் நின்று குழந்தையின் கையைப் பிடித்துத் தட்டவைத்தாள். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அது நடந்த அன்றைக்கு நகரசபையில் மன்றக் கூட்டம். லாரிகளுக்குப் பின்கேட்டை நிரந்தரமாக மூடச் சொல்லி இவர் பேசவேண்டிய நாள். கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தார். பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார், நான்தான் சரிசெய்து அனுப்பினேன். நடுவில் போன் அடித்தால் தலைவர் எரிந்து விழுவாராம். உள்ளே போகும்போதே அணைத்துவிட்டார்.

மத்தியானம் தையல்காரி வீட்டில் புகை கிளம்பியது. கீழே கடை, நடுவில் துணி அடுக்கும் மாடி, அதற்கும் மேலே வீடு. மாடிப்படி கடைக்குள்ளேயிருந்துதான் ஏறும். எங்கேயோ ஒயர் கருகித் துணி பிடித்துக்கொண்டது. அவள் புருஷன் ரொட்டிக் கடையில் வேலைக்குப் போயிருந்தார். மேல் ஜன்னலில் குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் கத்தினாள்.

தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். வந்து, நடுக்கம்பத்துக்கு முன்னால் நின்றது. ஏணி வண்டியின் மேலேயே பொருத்தியிருந்தது. வண்டி அவள் வாசலுக்குப் போனால்தான் அது ஜன்னலுக்கு எட்டும். கிடங்கு வழியாகச் சுற்றிப் போக நேரமில்லை.

"சாவி எங்கம்மா?"

"சாவி இல்லீங்க. ஒட்டியிருக்கு."

வண்டியாலேயே மோதிப் பார்த்தார்கள். வண்டியின் மூக்கு நசுங்கியதுதான் மிச்சம். பட்டறைக்கு ஓடி அறுக்கும் மெஷினை எடுத்து வந்தேன். மூலைக் கடையிலிருந்து ஒயர் இழுத்தேன். ஒரு வீரர் வாங்கி அறுத்தார். டிஸ்க் உடைந்து தெறித்தது, வேறு மாட்டினேன். "எந்தப் பாவிய்யா இப்படிப் பத்த வெச்சது?" என்று பல்லைக் கடித்தார். நான் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் அவள் திரைத்துணிகளை முடிச்சுப் போட்டு, நுனியில் குழந்தையைக் கட்டி இறக்கினாள். தையல்காரி போட்ட முடிச்சு, அவிழவில்லை. அதையே பிடித்து அவளும் இறங்கியிருக்கலாமே என்று பிறகு சிலர் பேசினார்கள். பேசுவதற்கென்ன. குழந்தை கீழே நின்றவர்கள் கைக்கு வருவதற்குள் ஜன்னல் முழுக்கக் கரும்புகை. கம்பம் சாய்ந்து, வண்டி உள்ளே போய், ஏணி உயர்ந்தபோது அங்கே அவள் இல்லை.

சாயங்காலம் இவர் வந்தார். "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தெருமுனையில் கூட்டத்தைப் பார்த்ததும், சேதி கேட்கத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்தாராம். பிறகு கீழே கிடந்த கம்பத்தைப் பார்த்தார். குனிந்து, அறுபட்ட இடத்தை விரலால் தடவினார். எனக்கு அவர்மேல் கொலைவெறியே வந்தது. கட்டிக்கொண்டு அழவும் வேண்டியிருந்தது. கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன், அவ்வளவுதான்.

அதன் பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை, மன்றத்துக்கும் போகவில்லை. தெருவில் ஒருவர்கூட முகத்துக்கு நேரே திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. லாரிகள் முதலில் தயங்கித் தயங்கி வந்தன, அப்புறம் பழையபடி பறந்தன. ஒவ்வொரு ஹாரனுக்கும் இவர் தோள் குலுங்கும்.

ஒருநாள் தையல்காரியின் புருஷன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றார். இவர் அடி வாங்கத் தயாரானவர் மாதிரி எழுந்தார்.

"அண்ணே, இவன் நடக்க ஆரம்பிச்சுட்டான்."

ஒரு லாரி எங்களைக் கடந்து போனது, அவர் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கம்பத்தைத் திரும்ப நடுங்க."

"என்னால முடியாதுப்பா. வேற யாரையாவது கேளு."

"உங்களத்தான் கேப்பேன். அவகிட்ட பொறுப்புன்னு சொன்னது நீங்கதானே? பூட்டு போடுங்க. சாவி என்கிட்ட இருக்கட்டும். எத்தனை தடவை உடைச்சாலும் மறுபடி போடுவோம். ஒட்டிட மட்டும் ஒட்டிடாதீங்கண்ணே."

அன்றைக்கே வேலை தொடங்கினோம். இவர் அளந்தார், குழாயை அறுத்தார். பூட்டு மாட்டும் வளையத்தைப் பற்றவைக்க வேண்டிய நேரத்தில் அவர் கறுப்புக் கண்ணாடியை மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பட்டறையில் கூடமாட நின்று எனக்கும் பழகிய வேலைதான், அதை வாங்கி நான் மாட்டிக்கொண்டேன். அவர் வளையத்தை இடுக்கியால் பிடித்துக்கொண்டார். அந்த வெளிச்சம் குழந்தையின் கண்ணில் படாமல், அவன் அப்பா அவன் முகத்தைத் தன் தோளில் திருப்பி வைத்துக்கொண்டு நின்றார்.