ரீஸ் துரையின் சிவப்புச் சட்டை

பின்சந்தில் நஃபீசா வீட்டு மூங்கில் கழியில் அந்தச் சிவப்புச் சட்டை தொங்குவதைப் பார்த்ததும் முத்தாயிக்கு வயிறு எரிந்தது.

சிங்கப்பூர் ஜாலான் புசார் தெருவில் அந்தச் சட்டையைத் தெரியாதவர் இல்லை. மாடியறையில் தனியாக இருந்த ரீஸ் துரை வேல்ஸ் நாட்டுக்காரர். வாலிபத்தில் தம் நாட்டுச் சிவப்புச் சட்டை போட்டு ரக்பி ஆடியவர். முட்டை மாதிரிப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். வருடா வருடம் மார்ச் முதல் தேதி, அவர்கள் ஊர்த் திருநாளன்று, அந்தச் சட்டையோடு முனைக் காப்பிக்கடையில் உட்கார்ந்து, அயர்லாந்துக்காரர் ஐந்து பேரைத் தாண்டி ஓடிக் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்த கதையைச் சொல்வார். துறைமுகத்தில் தமிழாட்களோடு முப்பது வருடம் வேலை பார்த்தவர், கதையும் தமிழில்தான்.

ஜப்பான்காரன் சண்டை முடிந்த வருடத்திலிருந்து பத்து வருடமாக அவர் துணியை வெளுப்பவள் முத்தாயி. எல்லாவற்றிலும் சேங்கொட்டையின் கறுப்புச் சாற்றால் அவள் இட்ட வண்ணான் குறி இருக்கும்: ஒரு கோடு, இரண்டு புள்ளி. சிவப்புச் சட்டையை மட்டும் அவர் கொடுத்ததே இல்லை. "அதை நானே பாத்துக்குவேன்" என்பார்.

"ஏம்மா நஃபீசா, அது யாரு சட்டை?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே, அக்கா. பூச்சி அரிச்சிருச்சுன்னு துரை தைக்கக் குடுத்தாரு."

"தைக்கத்தானே குடுத்தாரு? துவைக்கச் சொன்னாரா?"

"தண்ணியில முக்கி எடுத்தேன்லா. அதுக்கு உங்ககிட்ட சீட்டு வாங்கணுமா?"

முத்தாயி பல்லைக் கடித்தாள். நேற்று வந்த தையல்காரி. இவளிடம் கொடுக்கலாம், என்னிடம் கூடாதா?

"சரி, குடு. இன்னிக்குத் துரை துணி கொண்டு போறேன். இதையும் தேய்ச்சுக் குடுத்துடறேன்."

"நல்லதாப் போச்சு" என்று நஃபீசா தூக்கிப் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சேங்கொட்டையையும் ஊசியையும் எடுத்தாள் முத்தாயி. ஒரு கோடு, இரண்டு புள்ளி. செத்தாலும் போகாத குறி. அப்புறம் எவள் துவைத்தாலும் இது முத்தாயி துணி. கழுத்துப் பட்டியைத் திருப்பினாள்.

அங்கே ஏற்கெனவே ஒரு குறி இருந்தது. மஞ்சள் நூலில், குறுக்கே இரண்டு தையல்.

ஊசியைக் கீழே வைத்தாள். துரை ஊரிலிருந்து கொண்டுவந்த கம்பளியிலும் பழைய கைக்குட்டைகளிலும் நீல நூலில் மூன்று தையல் இருக்கும். "எங்கம்மா போட்டது, எல்லாத்துலயும் போடுவாங்க" என்று அவரே சொல்லியிருக்கிறார். குறி பொய் சொல்லாது. இது வேறு வீட்டுத் துணி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு அல்ல.

மாடியேறி, சலவைத் துணிக்கு மேலே சட்டையை வைத்தாள். துரையின் முகம் சுண்டிப்போயிற்று.

"இது உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

"எப்படியோ வந்துச்சு. இது உங்க சட்டை இல்லீங்களே, துரை."

நீலத் தையல் கைக்குட்டையை எடுத்துப் பக்கத்தில் விரித்தாள். அவர் இரண்டையும் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்தார்.

"நாலு ஆட்டம் ஆடினேன், முத்தாயி. அது பொய் இல்ல. அஞ்சாவதுக்கு முழங்கால் வீங்கிருச்சு. என் இடத்துல ஹாப்கினை இறக்கினாங்க. எங்க தெருக்காரன், சிநேகிதன்."

"அந்த அஞ்சு பேரைத் தாண்டி ஓடினது?"

"அவன்தான். நான் கயித்துக்கு வெளியே நின்னு பாத்தேன். எல்லாரும் கை தட்டுறாங்க, எனக்குக் கை எழும்பல. அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடவே இல்ல. அன்னிக்கு அவன் குளிக்கப் போனப்ப சட்டையை எடுத்துக்கிட்டேன்."

"அவரு தேடலையா?"

"தேடினான். நானும் அவன்கூடச் சேந்து தேடினேன்."

கீழே பேருந்து போகிற சத்தம் கேட்டது.

"அதனாலதான் நஃபீசாகிட்ட குடுத்தீங்களா?"

"அவ ஓட்டையைப் பாப்பா. நீ குறியைப் பாப்பே. பத்து வருஷமா உனக்குப் பயந்து நானே துவைச்சேன்."

முத்தாயி கைக்குட்டையை மடித்து வைத்தாள். காலையிலிருந்து எரிந்த வயிறு மெல்லத் தணிந்தது. தன்னை மட்டமாக நினைத்தல்லவா ஒதுக்கினார் என்று இத்தனை வருடம் புழுங்கியிருந்தாள்.

"உன் குறியைப் போட்டுடு. அந்த மஞ்சள் நூலைப் பிரிச்சிட்டு" என்றார் அவர்.

"அடுத்தவங்க குறியைப் பிரிச்சா என் தொழிலுக்கு ஆகாதுங்க."

சட்டையை அவர் மடியிலேயே வைத்துவிட்டு இறங்கினாள்.

மார்ச் முதல் தேதி காலை. துரை வெள்ளைச் சட்டையில் காப்பிக்கடைக்குப் போனார். கதையும் சொன்னாராம். ஓடியது ஹாப்கின் என்று சொன்னாராம். சட்டையைப் பற்றி மூச்சு விடவில்லையாம்.

சந்துக்கு அந்தப் பக்கம் சன்னல் திறந்தது.

"என்ன அக்கா, துரை வெள்ளையில போயிருக்காரு? நான் தைச்சது பிடிக்கலையா?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது முத்தாயிக்கு. விழுங்கினாள்.

"உன் தையலுக்கு ஒரு குறையும் இல்ல."

"பின்ன? உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"அது எனக்கும் அவருக்கும்."

நஃபீசா சன்னலை அடித்துச் சாத்தினாள். முத்தாயி துரையின் வெள்ளைச் சட்டை இன்னொன்றை எடுத்து, முணுமுணுவென்று பாடிக்கொண்டே கழியில் கோத்தாள்.