ஒக்காடா கேட்ட கேள்வி

சீனி முகம்மது துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா, ஊர்ப் பேச்சில் கிராணி. எந்தக் கப்பல் வருகிறது, எந்தத் துறையில் கட்டுகிறது என்று பார்த்துக்கொள்வது அவர் வேலை. சூலியா தெருவுக்குப் பின்னால் இருந்த மாடி வீட்டில், ஜன்னலோர மேசை முன்னால், அவருக்கு இன்னொரு வாழ்க்கை இருந்தது. பள்ளிக்கூடம் முடித்த வயதில் சுருட்டுப் பெட்டியில் கம்பி சுற்றிக் கப்பல்களின் கம்பியில்லாத் தந்திச் சத்தத்தைக் கேட்கத் தொடங்கியவர். கல்யாணம் ஆனது, மகள் சலேஹா பிறந்தாள், தலை நரைத்தது. அந்த மேசையை மட்டும் அவர் விடவில்லை. சம்பளம் உயர்ந்ததும் அரசாங்க அனுமதி வாங்கி, ஒலிபரப்பும் கருவி ஒன்றையும் தானே செய்துகொண்டார்.

விடியற்காலை சுபுஹு தொழுததும் மேசைக்கு வந்துவிடுவார். தந்திக் கட்டையைத் தட்டித் தட்டி, கொழும்பிலும் சிட்னியிலும் தன்னைப் போலவே உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாதவர்களோடு பேசுவார். பேசியதற்கு அடையாளமாக அவர்கள் அனுப்பும் அட்டைகளைச் சுவரில் வரிசையாகக் குத்தி வைப்பார். கருவிக்காகக் கூரைமேல் நட்ட கம்பத்தில் இடி விழும் என்று ஆரம்பத்தில் பயந்த மனைவி நூர்ஜான், பிறகு அந்தக் கம்பத்திலேயே கொடி கட்டித் துணி காயப்போடும் அளவுக்குப் பழகிவிட்டாள்.

அந்த முகம் தெரியாதவர்களில் ஒருவர் நாகசாகியில் இருந்த ஒக்காடா. பள்ளி ஆசிரியர். ஆறேழு வருடப் பழக்கம். மழை, பிள்ளைகளின் காய்ச்சல், கருவியில் கெட்டுப்போன வால்வு, இவைதான் பேச்சு. 1939 ஜூலையில் ஒரு காலை அவர் வேறொன்று கேட்டார். இந்த மாதம் உங்கள் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல் ஏதாவது வருகிறதா?

பதில் தட்டக் கை போய்விட்டது. கப்பல் பெயரே விரல் நுனியில் இருந்தது. வெளியே சொல்லக்கூடாத அலுவலக விஷயம் என்று உறைத்ததும் சட்டென்று கை நின்றது. இங்கே நல்ல மழை, சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று தட்டிவிட்டுக் கருவியை அணைத்தார். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நண்பன் சும்மா கேட்டானா, யாராவது கேட்கச் சொன்னார்களா என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அதன் பிறகு ஒக்காடாவின் தட்டல் கேட்டால் வேறு பக்கம் திருப்பிவிடுவார்.

செப்டம்பரில் ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கியது. அனுமதிகள் ரத்து, ஒலிபரப்பும் கருவிகளைப் போலீஸார் எடுத்துக்கொள்வார்கள் என்று அறிவிப்பு வந்தது. கருவி போவதைவிட, அவர்கள் வீட்டுக்குள் வரப்போவதுதான் சீனி முகம்மதுவைச் சோறு இறங்காமல் செய்தது. ஜப்பான் துணி விற்றதற்காகப் பக்கத்துத் தெருவில் ஒரு கடைக்கு, ஜப்பான்மேல் கோபமாக இருந்தவர்கள் தார் பூசியதை நூர்ஜான் பார்த்திருந்தாள். அவளுக்கும் பயம்தான். அவர் அலுவலகம் போயிருந்த நேரத்தில், கணவனிடம் சொல்லாமலே ஒரு காரியம் செய்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை அசர் தொழுகைக்குப் பிறகு வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வந்தார். கூடவே யூசுப். ஜும்மா தொழுகையில் வாராவாரம் பார்க்கிற முகம். போலீஸில் துப்பறியும் பிரிவில் இருந்தான். கருவியைக் கழற்றிச் சாக்கில் கட்டினார்கள். அதிகாரியின் கண் சுவரில் நின்றது. அட்டை வரிசைக்கு நடுவே ஒரு வெளுத்த சதுரம். குண்டூசி மட்டும் அப்படியே இருந்தது. இங்கே இருந்தது எங்கே என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

சீனி முகம்மதுவுக்கு அப்போதுதான் அது கண்ணில் பட்டது. நாகசாகி அட்டை இருந்த இடம். தெரியாது என்றார். உண்மைதான், ஆனால் அவர் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. யூசுப் அடுப்படி வாசலில் நின்றவளைப் பார்த்தான்.

"நான்தான் எடுத்தேன்" என்றாள் நூர்ஜான். "அரிசிப் பானைக்குள்ள இருக்கு. அவருக்குத் தெரியாது."

அவளே எடுத்து வந்து கொடுத்தாள். அவசரத்தில் அரிசி தரையில் சிந்தியது. அதிகாரி அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். இந்த ஆள் உன்னிடம் எப்போதாவது கப்பல்களைப் பற்றி விசாரித்தானா?

ஒக்காடா கப்பலைப் பற்றிக் கேட்டது தமக்கு மட்டும்தான் தெரியும் என்று சீனி முகம்மது நினைத்தார். இல்லை என்று ஒரு சொல் போதும். ஆனால் சற்று முன் சொன்ன உண்மையே பொய்போல் ஒலித்திருந்தது. இன்னொரு சொல்லைத் தாங்க அவருக்குத் தெம்பில்லை. "கேட்டார்" என்றார். ஜூலையில் நடந்ததை முழுவதும் சொன்னார். நூர்ஜானுக்கும் அப்போதுதான் அது தெரிந்தது. சிந்திய அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறு உத்தரவு வரும்வரை துறைமுகத்துப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு படிக்கட்டில் யார் காலடி கேட்டாலும் வீடு மூச்சடைத்து நின்றது. பால்காரர் வந்தாலும் அப்படித்தான். நூர்ஜான் கட்டிக்கொள்ள ஒரு சாரம், இரண்டு பனியன், சோப்பு, பல்பொடி எல்லாவற்றையும் துண்டில் முடிந்து கதவுக்குப் பக்கத்தில் வைத்தாள். எதற்கு என்று சலேஹா கேட்டபோது, போலீஸார் வாப்பாவைக் கூட்டிப்போனால் வேண்டுமே என்று முடிச்சை இறுக்கினாள். ஒருநாள் நூர்ஜான் கணவனிடம் கேட்டே விட்டாள்.

"எங்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாமே, மச்சான்."

"சொன்னா நீயும் பயப்படுவே."

"இப்ப மட்டும் என்னவாம்?"

மாதக் கடைசியில் யூசுப் தனியாக வந்தான். உட்காரச் சொன்னதற்கும் நின்றுகொண்டே இருந்தான்.

"விட்டுட்டாங்கண்ணே. ஆனா துறைமுகத்துல இனிமே வேலை இல்லை லா. அக்கரையில பாகான் டாலாம் கிடங்குக்கு மாத்திருக்காங்க." குரலைத் தாழ்த்தினான். "நீங்க தட்டுனது பூரா அவங்க முன்னாடியே கேட்டு வச்சிருந்தாங்க. அன்னைக்கு இல்லைன்னு சொல்லிருந்தீங்கன்னா இந்நேரம் உள்ளதான் இருந்திருப்பீங்க."

அவன் போன பிறகு சீனி முகம்மது வெறும் மேசை முன்னால் போய் உட்கார்ந்தார். இத்தனை காலைகளில் அந்த மேசையில் தாம் தனியாக இருந்ததாக நினைத்திருந்தார்.

தினமும் ஃபெரி ஏறிக் கிடங்குக்குப் போகத் தொடங்கினார். செய்தி கேட்கும் பெட்டியை மட்டும் போலீஸார் விட்டுவைத்திருந்தார்கள். நவம்பரில் ஒரு காலை பழக்க தோஷத்தில் அதைத் திருப்பினார். கொழும்பு இல்லை, சிட்னி இல்லை. அவர்கள் வாயையும் யுத்தம் அடைத்துவிட்டது. அந்த வெறும் இரைச்சலுக்குள் மெல்லிய சத்தம் ஒன்று வந்தது. கொஞ்சம் அவசரமாகத் தட்டும் அந்தக் கை யாருடையது என்று அவருக்குக் கேட்டவுடன் தெரிந்துவிட்டது.

நூர்ஜான் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அருகில் வந்தாள். "யாரு?"

"ஒக்காடா."

"என்ன கேக்குறாரு?"

"ஒண்ணும் கேக்கல. என்னைக் கூப்பிடுறாரு. அவ்வளவுதான்."

கட்டை இருந்த இடத்தில் அவர் விரல் வெறும் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. நூர்ஜான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அழைப்பு ஓய்ந்தது, பிறகு மறுபடி வந்தது. அவர் பெட்டியை அணைத்தார்.

வேலைக்குப் போகும் வழியில் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போனார். இதை யாரும் கேட்கவில்லையே, வைத்திருக்கலாமே என்றான் மேசையில் இருந்த மலாய்க்காரன். வேண்டாம், வீட்டில் இருந்தால் கேட்காமல் இருக்க முடியாது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஃபெரியைப் பிடிக்க விரைந்தார்.