கசினோ ஹோட்டல் கைமாறிய விதம்

இங்கிலாந்தில் கென்ட் கடற்கரையில் இருந்த அந்த ஹோட்டலும் அதன் கீழ்த்தளக் கசினோவும் ஒரு தடவைகூட ஒழுங்காகக் கைமாறியதில்லை. கட்டிய வெள்ளைக்காரனின் மகனைப் படிக்கட்டில் உருட்டிவிட்டுத்தான் ஒரு சைப்பிரஸ்காரன் அதை எடுத்தான். சைப்பிரஸ்காரனின் கார் இரண்டு முறை எரிந்த பிறகு, எண்பத்தேழில், லண்டன் தமிழர் மூன்று பேர் சேர்ந்து வாங்கினார்கள். அவர்களில் ஸ்ரீஸ்கந்தராஜா தன் பங்கைப் பாலேந்திராவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் கனடாவுக்குப் போனபோது அவர் வாயில் முன்பற்கள் இருக்கவில்லை. மிஞ்சியது பாலேந்திராவும் கஸ்பரும்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு கம்பனி முழு ஹோட்டலையும் விலைக்குக் கேட்டது. பாலேந்திராவுக்கு வாய் ஊறியது. கஸ்பர் தன் பங்கைத் தரமாட்டேன் என்றார்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு, லண்டன் நோர்பரியில் கஸ்பர் வீட்டுக் குசினியில் அவர் மகள் மெற்றில்டா ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். விருந்தாளி பாலேந்திராதான். இரண்டு ரோல்ஸ் தின்று, வாயைத் துடைத்துவிட்டு, கோட்டுக்குள்ளிருந்து சுத்தியலை எடுத்தான். கஸ்பரின் இடக்கையை மேசையில் அமத்திப் பிடித்தான்.

"கஸ்பர் அண்ணை, வலக்கையை விட்டுவைக்கிறன். கையெழுத்துப் போட வேணுமெல்லே."

சுண்டுவிரல் நசுங்கியது. மெற்றில்டா பாய்ந்து அவன் தலைமயிரைப் பிடித்தாள். அவன் திரும்பிப் பார்க்காமலே முழங்கையால் இடித்தான். மூக்கு உடைந்து, பிரிட்ஜில் மோதிச் சரிந்து விழுந்தாள்.

"லோயருக்குப் படிச்சனீயாம். கொப்பருக்கு எடுத்துச் சொல்லன்."

இரண்டாவது விரலில் கஸ்பர் அலறினார். "அது என்ரை இல்லையடா! பிள்ளையின்ரை பேரிலை எழுதிப்போட்டன். அவளின்ரை சீதனம்!"

சுத்தியல் நின்றது. மெற்றில்டாவுக்கே இது புதுச்செய்தி. எவனுக்கும் ஒரு சதம் கொடுத்துக் கழுத்தை நீட்டமாட்டேன் என்று சொந்தக்காரர் கலியாண வீட்டிலேயே நின்று கத்தியவள் அவள். அன்றைக்கு ஓம் ஓம் என்று தலையாட்டிய அப்பா, பல்கலைக்கழகப் படிவங்களோடு படிவமாக அவளிடம் கையெழுத்து வாங்கி, ஊர் வழக்கப்படியே காரியத்தை முடித்திருக்கிறார்.

பாலேந்திரா சிரித்தான். கஸ்பரின் கையை விட்டுவிட்டு, பங்கு மாற்றும் படிவத்தை அவளிடம் நீட்டினான். "அப்ப சோலி முடிஞ்சுது. சீதனம் வேண்டாம் எண்டு மைக் பிடிக்காத குறையாக் கத்தினனீதானே? உனக்கு வேண்டாததை எனக்குத் தா, பிள்ளை."

"போட்டுக் குடு, பிள்ளை," என்று கஸ்பரும் அழுதார்.

அதை அவள் பேரில் எழுதிவைத்தவரும் ஒரு ஆம்பிளை, பறிக்க வந்தவனும் ஒரு ஆம்பிளை. இரண்டு பேரும் அவளைக் கேட்கவில்லை. மூக்கிலிருந்து வடிந்த இரத்தத்தைப் புறங்கையால் வழித்துக்கொண்டு எழும்பினாள்.

"அங்கிள், நான் வேண்டாம் எண்டது மாப்பிளையை விலைக்கு வாங்கிறதை. ஹோட்டலை இல்லை."

அடுப்பில் இருந்த தாச்சியின் காதுகளைத் துணியால் பிடித்துத் தூக்கி, கொதி எண்ணெயை அவன் சுத்தியல் பிடித்த கையில் ஊற்றினாள்.

பாலேந்திரா தரையில் உருண்டு தாயைக் கூப்பிட்டான். தோல் சட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் சுத்தியலை எடுத்து அவன் முழங்காலில் ஒன்று போட்டாள். அவன் கோட்டுப் பைக்குள் இன்னொரு வெற்றுப் படிவம் இருந்தது. விற்பவர் பாலேந்திரா, வாங்குபவர் மெற்றில்டா என்று நிரப்பினாள்.

"இடக்கையாலை போடுங்கோ, அங்கிள்."

"வெருட்டி வாங்கினா கோர்ட்டிலை நிக்காதடி..."

"தாராளமாப் போங்கோ கோர்ட்டுக்கு. விருந்துக்கு வந்த மனிசன் சுத்தியல் ஏன் கொண்டந்தவர் எண்டு முதல் கேப்பினம்."

"காணும், பிள்ளை, விடு! அம்புலன்சுக்குப் போன் அடி!" என்றார் கஸ்பர்.

"போட்டாப் பிறகு அடிக்கிறன்."

சுத்தியலை மறுபடி ஓங்கினாள். கோணல்மாணலாகக் கையெழுத்து விழுந்தது. அம்புலன்சுக்கு அடித்தாள். பிறகு பருத்தித் துணி ஒன்றைக் கிழித்து, நசுங்கிய விரல்களில் சுற்றிவிட அப்பாவிடம் போனாள்.

கஸ்பர் கதிரையோடு பின்னுக்கு நகர்ந்து, கையை நெஞ்சுக்குள் ஒளித்துக்கொண்டார்.