சிவப்புக் காரின் முன் இருக்கை

என் கணவர் கஜீவன் தவில் வாசிக்கிறவர். எங்கள் ஊர் அளவெட்டியில் இது ஒரு பெரிய சங்கதியில்லை; கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால் வித்துவான் ஒருவரின் வீட்டு ஓட்டில்தான் விழும். ஊர்க் கோயிலில் மூத்தவர்களுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று வாசிக்கிற இவர், வெளியூர்த் திருவிழாக்களில்தான் ராசா. அங்கே இவர் தனியாக வாசிக்கத் தொடங்கினால் சனம் இருந்த இடத்தை விட்டு எழும்பாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் கேட்டதில்லை. கல்யாணமாகி ஐந்து வருஷமாகச் சால்வையை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பதுதான் என் வேலை.

மேளக் கோஷ்டி ஏறிப் போகிற வான் வண்டியில் எனக்கு இடமில்லை. ஏழு ஆண்கள், நாதஸ்வரங்கள், தவில்கள், போதாததற்கு நடுவில் ஒரு ஸ்பெயார் சில்லு. இரவிரவாக மேளம், விடியத்தான் திரும்புவார்கள். மனைவியை ஏற்றிக்கொண்டு போக இதென்ன பஸ்ஸா என்று சிரிப்பார்கள்.

ஆகையால், சுவிஸ் கோயில்களில் ஒரு கோடை முழுக்க வாசித்துவிட்டு வந்தவர் கார் வாங்கப் போகிறேன் என்றதும் நான் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன்.

"முன்சீற் எனக்கு. நீங்கள் போற கோயிலுக்கெல்லாம் நானும் வருவன்."

"அதுக்குத்தானேயப்பா கார்," என்றார்.

அதற்கு மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்குச் சாதாரணக் கார் ஒன்றும் கண்ணில் காட்டக் கூடாது. நிலத்தோடு பதிந்திருக்க வேண்டும், உறும வேண்டும், நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும். "வானிலை போய் இறங்கினால் மேளகாரர் வந்திட்டினம் எண்டு சொல்லுவினம். உப்பிடியொரு காரிலை போய் இறங்கினால் கஜீவன் வந்திட்டார் எண்டு சொல்லுவினம்," என்பார். அந்த ஆசையைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வரும், இரக்கமும் வரும். திருவிழாக்களில் சமையல் கொட்டிலுக்குப் பக்கத்தில் காத்திருக்க வைக்கப்பட்டவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கையில் இருந்தது முப்பத்தைந்து இலட்சம். இந்த நாட்டில் அந்தக் காசுக்குப் புதுக்காரின் படத்தைத்தான் வாங்கலாம். பழசில் தேடித் தேடிக் கடைசியில் இரண்டு மிஞ்சின. கொழும்புத்துறையில் ஒரு சிவப்பு ஹொண்டா, தொண்டைமானாற்றில் ஒரு கறுப்பு லான்சர். எங்கள் ஊர் மெக்கானிக் நடராசா அண்ணை இரண்டுக்கும் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டிலையும் பழுதில்லை, விலையும் ஒண்டுதான். இனி உங்கடை விருப்பம்," என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். ஏதாவது ஒன்றில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தால் எங்கள் வீட்டில் இத்தனை சண்டை வந்திராது.

முதலில் சிவப்பு. தவிலையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். கார் விற்கிற வின்சன்ற் அண்ணை படலையைத் திறந்து தவிலைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கார் பாக்க வந்தனியளோ, கலியாணவீட்டுக்கு வந்தனியளோ?" என்றார். கார் அவருடைய மகன் ஜெரிசனுடையது. மகன் பிரான்சுக்குப் போய்விட்டான். கடற்கரைக் கார், துருப்பிடித்திருக்குமென்று பயப்பட வேண்டாம், வள்ளத்து எஞ்சினைக் கழுவுகிற மாதிரி ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரால் அடியைக் கழுவியிருக்கிறேன் என்றார்.

கார் அழகுதான். பொய் சொல்லக் கூடாது. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, எங்கள் முழங்கால் உயரத்தில் இருக்கைகள். இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்கும் அதில் ஆசை விழுந்தது. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை, நானும் காட்டிக்கொள்ளவில்லை.

பிரச்சினை தவிலில் தொடங்கியது. டிக்கிக்குள் வைக்க இவர் விடவில்லை; வெயிலில் நின்றால் டிக்கி அடுப்பாய்க் கொதிக்கும், தோல் வெடித்துவிடும். பின் இருக்கையில் வைக்கலாமென்றால், முன் இருக்கையை மடித்துவிட்டு அந்த இடுக்கு வழியாகத்தான் நுழைக்க வேண்டும். தவிலின் இரும்பு வளையம் அங்கே இடித்தது, இங்கே மாட்டியது. வின்சன்ற் அண்ணை சீற் கிழியப் போகிறதென்று பதறினார். கடைசியில் இவர் தவிலைத் தூக்கி முன் இருக்கையில் வைத்தார். கச்சிதமாக இருந்தது. பெல்ற்றையும் இழுத்துப் போட்டார். முகம் முழுக்கச் சிரிப்போடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீர் பின்னுக்கு ஏறும்."

ஏறிப் பார்த்தேன். சேலையோடு நாலு காலில் தவழ்ந்துதான் ஏறினேன். முழங்கால் நாடியில் முட்டியது. முன்னால் தவில் மாப்பிள்ளைபோல் இருந்தது. கோயிலுக்குக் கோயில் இப்படியே வந்தால் இரண்டாம் திருவிழாவிலேயே என் நாரியெலும்பு முறிந்துவிடும். "நீர் வீட்டிலையே இரும்" என்று மூன்றாம் திருவிழாவுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். எனக்கு அழுகை வந்தது. அதை விழுங்கிவிட்டு இறங்கினேன்.

"முன்சீற் எனக்கோ தவிலுக்கோ எண்டு முடிவெடுங்கோ. அதுக்குப் பிறகு காரைப் பாப்பம்," என்றேன்.

வின்சன்ற் அண்ணை மெல்ல நழுவித் தேத்தண்ணீர் ஊற்றச் சொல்லப் போய்விட்டார்.

அடுத்த கிழமை தொண்டைமானாற்றுக்குப் போனோம். இவர் முதல்நாள் இரவு முழுக்க வல்வெட்டித்துறையில் வாசித்துவிட்டு, நித்திரை கொள்ளாமல் நேரே வந்திருந்தார். நான் காலை பஸ்ஸில் வந்து சேர்ந்தேன். கறுப்புக் காரின் சொந்தக்காரர் கனகரத்தினம் கப்பலில் வேலை செய்து ஓய்ந்தவர். கண்பார்வை குறைந்துவிட்டதால் விற்கிறார். நாலு கதவு, ஓட்டோமற்றிக் கியர், பின்னால் டிக்கிக்கு மேல் சிறகுபோல் ஒரு செட்டை. தவில் பின் இருக்கையில் ஒரு பிள்ளையைப்போல் போய் இருந்தது. நான் முன்னால் ஏறிக் காலை நீட்டி இருந்தேன். கேட்டது கிடைத்துவிட்டது. அப்போதைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

இவர்தான் ஓட்டினார். பாலத்தடி வளைவில் கார் தன்பாட்டில் வலது பக்கம் இழுபட்டது. எதிரே மீன்பெட்டியோடு வந்த சைக்கிள்காரர் கத்திக்கொண்டு மண்ணுக்குள் இறங்கினார். நான் பாய்ந்து ஸ்ரியரிங்கைப் பிடித்துத் திருப்பினேன். கார் ஓரத்தில் நின்றது.

"நித்திரையோ?"

"இல்லையப்பா. கை." வலக்கையை விரித்துக் காட்டினார். விரல்கள் வீங்கிச் சிவந்திருந்தன, மடங்கவில்லை. தடி பிடிக்கிற இடது மணிக்கட்டும் விறைத்திருந்தது. "மேளம் முடிஞ்சால் மத்தியானம் வரைக்கும் உப்பிடித்தான். சோத்துக் கோப்பையைக்கூடப் பிடிக்கேலாது."

"அப்ப விடியக் கோயிலிலை இருந்து காரை ஆர் கொண்டு வாறது?"

இவர் வருஷக்கணக்காகக் கோஷ்டி வானில் ஏறியதும் நித்திரையாகி, வாசலில் தட்டி எழுப்ப இறங்கிப் பழகியவர். போகும்போது எப்படிப் போய் இறங்குவதென்று கனவு கண்ட மனுஷன், திரும்பி வருவதைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை! முப்பத்தைந்து இலட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் முழுக்கக் கார் பார்த்திருக்கிறோம், இரண்டு பேருக்கும் இது மூளையில் ஏறவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை.

"இறங்கி இஞ்சாலை வாங்கோ. நான் ஓடுறன்."

என் அண்ணையின் பட்டா லொறியில் வெங்காய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போய் வந்தவள் நான். கல்யாணத்தோடு லைசன்ஸ் அலுமாரிக்குள் போய்விட்டது, அவ்வளவுதான். கறுப்புக் காரைக் கனகரத்தினத்தாரின் வாசலுக்கு அலுங்காமல் கொண்டுவந்து விட்டேன். மனுஷர் நல்ல பிள்ளை என்கிற மாதிரித் தலையை ஆட்டினார்.

பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது இவர் மெல்லிய குரலில் சொன்னார். "இதையே எடுப்பம். தவில் பின்னுக்கு, நீர் முன்னுக்கு. ஓடவும் உமக்கு லேசு."

சிவப்புக் காரைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. எனக்காக அதை விழுங்கிவிட்டார் என்று விளங்கியது. மனம் இளகிவிட்டது. ஆனால் அந்தக் கறுப்புக் காரை ஓட்டியபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கதிரையில் இருந்தமாதிரி இருந்தேன், அது தன்பாட்டில் போனது.

"நான் சிவப்பை ஓடிப் பாக்கோணும்," என்றேன்.

"நீரோ?"

"ஓம், நான்தான். இவ்வளவு நாளும் நீங்கள் ரெண்டு காரிலையும் உங்களை வைச்சுப் பாத்தனீங்கள், நான் எனக்கொரு மூலை தேடினன். இப்ப நான் என்னை வைச்சுப் பாக்கப் போறன்."

மறுநாளே கொழும்புத்துறைக்குப் போனோம். வின்சன்ற் அண்ணை கார்த் திறப்பை இவரிடம் நீட்டினார். நான் இடையில் வாங்கிக்கொண்டேன். தவில் முன் இருக்கையில், பெல்ற்றோடு. இவர் முணுமுணுத்துக்கொண்டு பின்னால் தவழ்ந்து ஏறினார். கிளச்சை மிதித்து முதல் கியரைப் போட்டதும் கார் காலடியில் உறுமியது. கடற்கரை றோட்டில் மூன்றாம் கியருக்கு வந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். லொறி ஓட்டிய பெட்டையை ஐந்து வருஷமாக எங்கே கொண்டுபோய் வைத்திருந்தேனோ தெரியாது, அவள் எழும்பி வந்துவிட்டாள். சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம். எனக்கு வேண்டியது பயணி இருக்கையில்லை என்று அங்கே வைத்துத்தான் தெரிந்தது.

"இந்தக் காரைத்தான் எடுக்கிறம்," என்றேன்.

"பொறும், பொறும். கோயில் வாசலிலை மனிசி கார் ஓட, நான் பின்னாலை தவண்டு இறங்கினால் சனம் என்ன சொல்லும்?"

"அது சனத்தின்ரை பாடு. விடிய ஆர் கொண்டு வாறதெண்டு சனம் கேக்குமோ?"

வீடு வரும்வரை ஓட்டோவில் வாதாடினார். நான் அசையவில்லை. கடைசியில் சம்மதித்தார், அதிலும் ஒரு கொழுக்கி வைத்தார்: கோயிலுக்குக் கிட்டக் கடைசி வளைவில் நான் காரை நிறுத்த வேண்டும், அதற்கப்பால் அவர் ஓட்டுவார். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஓம் என்றேன். சிவப்புக் கார் எங்கள் வாசலுக்கு வந்தது.

முதல் பயணம் பருத்தித்துறைப் பக்கம் ஓர் அம்மன் கோயிலுக்கு. பின்னேரம் புறப்பட்டோம். நெல்லியடி கடந்து கோயில் வளைவு வந்ததும், "இதிலை நிப்பாட்டும்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நிறுத்தினேன். கோபம் வந்தது. சொன்ன சொல்லுக்காக இறங்கி என் இருக்கையை மடித்துவிட்டேன். அவர் வெளியே வந்தார், சால்வையைச் சரிசெய்தார், திறப்புக்குக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

வலக்கை விரல்களிலெல்லாம் கூடு. தவில்காரர் தோலில் அடிப்பதற்காக விரல்களில் மாட்டுகிற கெட்டியான உறைகள். வானில் போகும்போது கடைசி மைல்கட்டை தாண்டியதும் மாட்டிக்கொள்வது அவர் பழக்கம். பின் இருக்கையில் சும்மா இருந்தவர் தன்னை மறந்து துணி சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டார். அந்தக் கையால் ஸ்ரியரிங்கைப் பிடிக்க முடியாது. கழற்றித் திரும்பக் கட்ட நேரமுமில்லை. வானில் முந்தி வந்த கோஷ்டி கோயிலில் நாதஸ்வரத்தைத் தொடங்கிவிட்டது, இவருடைய தவில் இல்லாமல் அது தடுமாறுவது எங்களுக்கே கேட்டது.

அவர் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு மடித்த இருக்கையைப் பிடித்தபடி நின்றேன்.

"சரி, ஓடும்," என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து பின்னால் ஏறினார்.

வாசலில் சனம் விலகி வழிவிட்டது. நான் இறங்கி இருக்கையை மடித்தேன். அவர் தலை முதலில் வந்தது, பிறகு சால்வை, பிறகு மனுஷர். சிலர் சிரித்தார்கள். அவர் நிமிர்ந்து நின்று, வரவேற்க வந்த கோயில் மனேச்சரிடம் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"இவ நிவேதனா, என்ரை மனிசி. இவதான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவ. முன்னுக்கு ஒரு இடம் குடுங்கோ."

அன்று அவர் தனியாக வாசித்ததை எனக்குச் சொல்லத் தெரியாது. சனம் எழும்பாது என்று சொன்னார்களே, உண்மைதான், நானும் எழும்பவில்லை. கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. இந்த மனுஷனோடா ஐந்து வருஷம் அரிசி விலையைப் பற்றிச் சண்டை பிடித்தேன் என்று இருந்தது.

விடிந்து புறப்படும்போது அவர் பின்னால் சுருண்டு படுத்து நித்திரையாகிவிட்டார். தவிலுக்குப் பெல்ற்றைப் போட்டுவிட்டு நான் எஞ்சினை இயக்கினேன். கோயில் மனேச்சர் யன்னலடியில் குனிந்து, "தங்கச்சி, வாற வருஷமும் தம்பியைக் கட்டாயம் அனுப்பிவிடுங்கோ," என்றார்.

"அனுப்பமாட்டன்," என்றேன். "கொண்டுவருவன்."