ஒரு விரல் சாய்வு

...அடிக்கு இவ்வளவு என்றால், மூலைக்குத் தனி, இறங்குகுழாய்க்குத் தனி, கொக்கிகளுக்குத் தனி, ஓரப்பலகை உளுத்திருந்தால் அதற்கும் தனி, ஏணிமேல் நிற்கிற தகரக்காரர் இன்னும் எத்தனை தனி வைத்திருக்கிறாரோ, அவர் இறங்கி வருவதற்குள் மனசுக்குள் கூட்டி முடித்துவிட வேண்டும் என்று நினைத்தாள், ஆனால் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்ததால் விரல் விட்டு எண்ணவும் வழியில்லை, மூக்கின் மேல் விழுந்த துருத்தூளைத் துடைக்கவும் வழியில்லை. மேலே அவர் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டத் தட்ட, கூரை ஓரத்தில் மழைத் தண்ணீரை ஏந்துகிற அந்த வாய்க்கால் தகரம், நனைந்த அப்பளம் மாதிரி சத்தமே இல்லாமல் பிய்ந்து விழுந்தது. ஒரு சத்தமாவது போட்டிருக்கலாம், இத்தனை வருஷம் மழையில் கத்திய தகரம்தானே... போன மழைக்குத் தகரத்தின் நடுவில் ஓட்டை விழுந்து, தண்ணீர் நேராகச் சுவரில் இறங்கி, சுவர் உப்பி, உள்ளே அப்பாவின் தலைமாட்டில் சுண்ணாம்பு பெயர்ந்து தலையணையில் கொட்டியது. கட்டிலை நகர்த்தலாம் என்றால் அந்த அறையில் கட்டில் போட இடம் அது ஒன்றுதான், எதிர்ச் சுவரில் பீரோ, நடுவில் அம்மா படுக்க ஒரு பாய் அளவு தரை. நெஞ்சுச் சளிக்கு ஈரம் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார், எது எதெல்லாம் ஆகாது என்று சொல்வதற்கு என்ன செலவு?

முழுசாக மாற்றினால் ஆகிற தொகை என்னவென்று அவளுக்குக் கூட்டாமலே தெரியும். துணிப் பெட்டியின் அடியில், பழைய பாவாடைக்குள் சுற்றி வைத்திருக்கிறாளே, அதே தொகைதான், யாரோ அளந்து வெட்டிய மாதிரி. பக்கத்து வீடுகளுக்கு ரவிக்கையும் தலையணை உறையும் தைத்துத் தைத்துச் சேர்த்தது, வெளியூர் வேலைக்குப் போனால் தங்க விடுதிக்கு முன்பணமும் போகிற வண்டிச் செலவும். ஒட்டகச்சிவிங்கி நேற்றுகூடக் கூப்பிட்டாள், பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் கூட உட்கார்ந்திருந்தவள், உயரத்துக்கு வைத்த பட்டப்பெயர் அது, இப்போது தையல் கம்பெனியில் மேற்பார்வை பார்க்கிறாள், ஏய், உனக்காக ஒரு மிஷினை ஆள் போடாம வச்சிருக்கேன், மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா வேற பிள்ளையை உக்கார வச்சிருவாங்க, அப்புறம் எங்கிட்ட மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக்கூடாது... வருகிறேன் என்றுதான் சொன்னாள். சொல்லும்போது தன் குரலே தனக்குப் புதிதாக இருந்தது. தொலைபேசியில் முகம் தெரியாததால் சொல்ல முடிந்ததோ? ஒட்டுப் போட்டால் போதும், ஒட்டுக்குக் கொஞ்சம்தான் ஆகும், மிச்சப் பணத்தோடு கிளம்பிவிடலாம். ஒட்டு எத்தனை மழை தாங்கும் என்று கேட்க வேண்டும். கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டே நிற்கிறாள், கேள்வி தொண்டை வரைக்கும் வந்து உட்கார்ந்துகொள்கிறது, எப்போதும் போல.

“ஏம்மா, இதை யாரு போட்டது?” என்றார் தகரக்காரர் மேலேயிருந்து. பெரிய குரல் அவருக்கு, சின்ன உடம்புக்குள் எங்கே வைத்திருக்கிறார் என்று தெரியவில்லை. ஏணிக்கு ஒரு கை தள்ளித்தான் அப்பாவின் ஜன்னல். அவள் கண் ஜன்னலுக்குப் போய்வந்தது. அவர் விடவில்லை, “மேஜை போடுற மாதிரில்ல போட்டிருக்காங்க, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு நூல் வித்தியாசம் இல்ல. இதுல தண்ணி எப்படிம்மா ஓடும்? உக்காந்து சீட்டாடிட்டுத்தான் போகும்.” சிரித்தார். சிரிப்பில் ஏணி ஆடியது. சின்ன வயதில் அவள் இதே இடத்தில், இதே மாதிரி ஏணியைப் பிடித்துக்கொண்டு, பின்னல் இரண்டும் முன்னால் தொங்க அண்ணாந்து நின்றிருக்கிறாள், மேலே அப்பா. அப்பா கதவு மாட்டுகிறவர். அவர் மாட்டிய கதவு காற்றுக்குத் தானாகச் சாத்தாது, தானாகத் திறக்காது, விட்ட இடத்தில் நிற்கும், ஊரெல்லாம் அதைச் சொல்வார்கள், அவரே சொல்லிக்கொள்வார், நான் மாட்டுன கதவு விட்ட இடத்துல நிக்கும். கண்ணாடிக் குழலுக்குள் குமிழி ஓடும் ரசமட்டம் அவர் சட்டைப் பையில் பேனா மாதிரி இருக்கும். அன்றைக்கும் கொக்கிக்குக் கொக்கி அதை வைத்து வைத்துப் பார்த்தார், குமிழி நட்டநடுவில் நிற்கிற வரைக்கும் விடவில்லை. புதுத் தகரம் வெயிலில் மின்னியது, அவர் முகமும் மின்னியது, அப்போதுதான் அவள் கேட்டாள், அப்பா, தண்ணி எந்தப் பக்கம் போகும்?

அவ்வளவுதான் கேட்டாள். தெரியாமல்தான் கேட்டாள். தப்புக் கண்டுபிடிக்கவில்லை, அந்த வயதில் அதற்கெல்லாம் எங்கே போவது, குளிக்கிற தண்ணீர் சாக்கடைக்குப் போகிறதே, இது எங்கே போகும் என்று ஒரு கேள்வி. அப்பா மேலேயிருந்து குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார் என்றுதான் ஞாபகம். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பிச் சத்தமாக, “கேட்டியாடி, உன் பொண்ணு இன்ஜினியர் ஆயிட்டா, தண்ணிக்கு வழி கேக்குறா” என்றார். அம்மா சிரித்தாள், பக்கத்து வீட்டு அத்தை மதில் மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் இன்ஜினியர். விருந்தாளி வந்தால், தண்ணி கொண்டா இன்ஜினியர். மதிப்பெண் குறைந்தால், நம்ம இன்ஜினியரம்மா வாங்கியிருக்கிறதைப் பாருங்க. இப்படி மட்டம் தட்டுவதில் அவருக்கு அடங்காத ஒரு சந்தோஷம். வகுப்பில் கையைத் தூக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் காதுக்குள் இன்ஜினியர் என்று கேட்கும், கை பாவாடை மடிப்பிலேயே இருந்துவிடும். புரியாதது மேல் புரியாதது சேர்ந்து, ஒரு வருஷம் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை, அடுத்த வருஷமும் போகவில்லை, ஏன் போகவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை. விட்ட இடத்தில் நின்றாள். ஒரு கேள்விக்காகவா ஒரு படிப்பு நிற்கும் என்று அவளே தன்னைப் பலமுறை கேட்டிருக்கிறாள், இல்லை என்றுதான் தோன்றும், இருந்தாலும் வேறு காரணம் தேடினால் கிடைப்பதில்லை.

“அப்பவே ஒரு விரல், ஒரே ஒரு விரல் அந்தக் கோடியில இறக்கிக் கொக்கி அடிச்சிருந்தா, இந்தத் தகரம் இன்னும் ரொம்ப நாள் ஓடியிருக்கும்மா. ஒரு பைசா செலவில்ல. தண்ணி நின்னு நின்னே தின்னுருக்கு பாரு.” ஒரு துண்டைப் பிய்த்து அவளுக்குக் காட்டினார். இதற்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தாய், கேட்டுக்கொள், நீ அன்றைக்குக் கேட்டது சரி, என்றது மனசு. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. வந்ததா? ஜன்னல் வழியாக அவருக்கும் கேட்டிருக்க வேண்டும் என்று ஒரு ஆசை, நாக்கின் கீழே இனிப்பு மாதிரி, வந்த வேகத்திலேயே கசந்தது. பாதி உடம்பு விழுந்து, வாய் ஒரு பக்கம் இழுத்து, கஞ்சியை அம்மா ஊட்ட வேண்டியிருக்கிறவர், அவர் காதில் இது விழுந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? அம்மா வாசலுக்கு வந்தாள், கையில் நனைந்த படுக்கை விரிப்பு. “மெதுவாப் பேசச் சொல்லுடி, அவரு முழிச்சிட்டு இருக்காரு.” தகரக்காரர் காதில் இது விழவில்லை, உற்சாகத்தில் இருந்தார், “இதைப் போட்ட மகராசன் மட்டும் என் கையில கிடைச்சா...”

ஏணி குலுங்கியது. அவள்தான் குலுக்கினாள். குலுக்க வேண்டும் என்று நினைத்துக் குலுக்கவில்லை, கை தானாக, அல்லது தானாக என்று இப்போது சொல்லிக்கொள்கிறாள். தகரக்காரர் ஓரப்பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “ஏம்மா, நீ புடிக்கிறியா விடுறியா? வீட்டுல எனக்கும் ஆள் இருக்காங்க” என்றார். சாரிண்ணே என்றாள், அவளுக்கே கேட்காத குரலில். யாருக்காகக் குலுக்கினோம்? அப்பாவுக்காகவா? அவர் மேல் அவ்வளவு பிரியமா? இல்லை, அந்தக் கேள்வி அவளுடையது, அதைத் தெருவில் போகிற ஒருத்தர் எடுத்துச் சிரிப்பது பொறுக்கவில்லையா?

“யாரு அது?” உள்ளேயிருந்து அப்பா. வார்த்தை எச்சிலில் நனைந்து வரும், பழகிய காதுக்குத்தான் புரியும். தகரக்காரர்ப்பா, துருப் பிடிச்சிருச்சாம், என்றாள். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே அவருடைய நல்ல கை வந்தது, கையில் ரசமட்டம். இத்தனை நாளும் தலையணைக்குக் கீழேயா வைத்திருந்தார்? “வச்சுப் பாக்கச் சொல்லு.” அவள் ஒரு கையை ஏணியிலிருந்து எடுத்து வாங்கி மேலே நீட்டினாள். தகரக்காரர் அதைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், அவருக்குப் புரிந்துவிட்டது, அதற்குப் பிறகு அவர் குரல் சின்ன உடம்புக்குத் தகுந்த குரலாகிவிட்டது. மிச்சமிருந்த தகரத்தின் மேல் ரசமட்டத்தை வைத்துக் குனிந்து பார்த்தார். “அசையலையேம்மா, நட்டநடுவுல நிக்குது” என்றார், உண்மையாகவே அசந்துபோய்.

“மட்டமா இருக்கா?” என்றார் அப்பா.

“மட்டமாத்தான் இருக்குப்பா.”

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது, எந்த மட்டத்தைச் சொன்னோம், சமமாக இருப்பதையா, கேவலமாக இருப்பதையா? வார்த்தை ஒன்றுதான், வாயிலிருந்து போய்விட்டது. ஜன்னலுக்குள் ஒரு சத்தம், இருமலா சிரிப்பா தெரியவில்லை. தகரக்காரர் இறங்கி வந்து, துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, பொறுமையாக, “ஒட்டா, முழுசாம்மா? ஒட்டுன்னா ரெண்டு மழை, மூணாவது மழைக்கு நான் உத்தரவாதம் இல்ல” என்றார். அவள் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து அப்பா கேட்டார், ஒவ்வொரு எழுத்தாக, தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்று கஷ்டப்பட்டு:

“இன்ஜினியர்... தண்ணி எந்தப் பக்கம் போகும்?”

கிண்டலா? கிண்டல் என்றால் சிரிப்பு வர வேண்டுமே, வரவில்லை. தகரம் போட்ட பிறகு வந்த முதல் மழை அவளுக்கு ஞாபகம் வந்தது, இதுவரை நினைப்பில் வராத ஒரு மழை, குழாய்க்குப் போகாமல் தகரத்தின் நடுவில் விளிம்பு தாண்டித் தண்ணீர் கொட்ட, அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கீழே நின்று பார்த்தது, நனைந்துகொண்டே வெகுநேரம் பார்த்தது, பிறகு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. வேறொரு ஆள் அந்தத் தகரத்தில் கை வைக்க அவர் விட்டதே இல்லை. அவருக்குத் தெரியும். முதல் மழையிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டா அத்தனை வருஷமும் இன்ஜினியர், இன்ஜினியர் என்று... அப்படியென்றால் அந்தப் பெயர் என்ன பெயர்?

“முழுசா மாத்திருங்கண்ணே,” என்றாள், ஜன்னலுக்கும் கேட்கிற மாதிரி, “அந்தக் கோடியில ஒரு விரல் இறக்கி.” யாருக்குப் பதில் சொன்னோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. பாவாடைக்குள் சுற்றிய பணம் போயிற்று, மாசக் கடைசி போயிற்று, அந்த மிஷினில் வேறு ஒருத்தி உட்காருவாள். தகரக்காரர் சைக்கிளில் பையை மாட்டிவிட்டு, அப்ப நாளைக்கு வந்துர்றேன், ஏணி இங்கயே இருக்கட்டும், என்றார், ஒரு நிமிஷம் தயங்கி, மெதுவாக, “இறங்கிட்டேன்மா, விட்டுரு” என்றார். அப்போதுதான் பார்த்தாள், மேலே யாரும் இல்லாத ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.