விலா இல்லாத எலும்பு

தம்பிக்கு ஒன்றுமில்லை என்று முடிவு வந்துவிட்டது. அவன் மனைவி போனில் சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே எனக்குப் புரியவில்லை.

"அண்ணி, கெட்டது எதுவும் இல்லையாம்! வெறும் எலும்புதானாம்!"

போன உயிர் திரும்பி வந்தது. ஸ்கேன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்தேன்.

அவன் முதுகைப் பிரித்துக் கொடுத்தது நான்தான். சி.டி. படத்தில் முதுகெலும்பு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். மென்பொருள் ஒவ்வொரு முள்ளெலும்பையும் தனியே பிரித்து, வண்ணம் பூசி, எண் போட்டுவிடும். அது தடுமாறும் ஓரங்களை மவுஸால் திருத்துவது என் வேலை. முழு முதுகையும் கழுத்திலிருந்து எண்ணிப் பார்த்த வேறொரு ஸ்கேனில், இடுப்பின் மூன்றாவது எலும்பில் ஒரு நிழல் என்றிருந்தார்கள். புற்றா என்று பார்க்க, அதில் ஊசி செலுத்தித் துணுக்கு எடுக்க வேண்டும். அந்த மூன்றாவதின் ஓரங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திருத்தினேன்.

இனிமேல் பயமில்லாமல் ஒரு தடவை பார்க்கலாமே என்று படத்தைத் திறந்து சுழற்றினேன். உச்சியில் இருந்ததற்கு, மார்பின் கடைசி முள்ளெலும்பு என்று மென்பொருள் பெயர் வைத்திருந்தது. மார்பு எலும்பென்றால் பக்கத்துக்கொரு விலா இருக்க வேண்டும். இதற்கு இல்லை.

இடுப்பில் பெரும்பாலும் ஐந்துதான். யாரோ சிலருக்கு ஆறு. அந்தச் சிலரில் என் தம்பியும் இருந்து தொலைத்திருக்கிறான். இந்தப் படத்தில் இடுப்பு மட்டுமே இருந்ததால், மென்பொருள் கீழிருந்து எண்ணி, ஐந்தோடு நிறுத்தி, மிச்சமிருந்ததை மார்புக்குத் தள்ளிவிட்டது. அது மூன்றாவது என்றது உண்மையில் நான்காவது. ஊசி நல்ல எலும்பில் இறங்கியிருக்கிறது. நிழல் விழுந்த எலும்பை யாரும் தொடவே இல்லை.

மென்பொருளைத் திட்டி என்ன பயன்? அதற்குத் தம்பியா தங்கையா? எனக்கு இருந்தும் நான் ஒரு முறை மேலே பார்க்கவில்லையே!

ஊசி போட்ட டாக்டரை அழைத்துச் சொன்னேன்.

"நானும் அந்த நம்பரை நம்பித்தாம்மா குத்தினேன். நாளைக்கே வரச் சொல்லுங்க. நான் பேசட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

"நானே சொல்றேன் சார்."

தம்பி உற்சாகமாக எடுத்தான். "அக்கா, மாமாவைக் கூட்டிட்டு வந்துடு. அத்தை வந்தாத்தான் கேக் வெட்டுவேன்னு உன் மருமக ஒத்தக்கால்ல நிக்கிறா."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"அப்போ ஊசி போட்டது நல்ல எலும்புலயா?"

"ஆமாண்டா."

"சரி விடு, ஆறுல ஒண்ணு பாஸாயிடுச்சு." சிரிக்கப் பார்த்தான்.

"என்னைத் திட்டுடா."

"அதுக்கு நேரம் கிடக்கு. மறுபடியும் எண்ணணுமில்ல?"

"வேற ஆளை எண்ணச் சொல்றேன். எனக்குக் கை வராது."

"யார் வேணா எண்ணட்டும், நீயும் எண்ணுக்கா. இப்போ உன் அளவுக்குப் பயந்து எண்ண வேற ஆள் எனக்குக் கிடைக்காது."