ஈயம் போன அண்டா

முதல் உறைபனி விழுந்து பழம் இளகிய பிறகுதான் துருக்கியில் எங்கள் கும்யுஷானே மலையில் காட்டு ரோஜாப் பழம் பறிப்போம். உச்சிக் கிளைகளில் இருப்பது பறவைகளுக்கு. கைக்கு எட்டுவது எங்களுக்கு. பறித்ததைக் குலிசார் அக்கா வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோய், அவருடைய செம்பு அண்டாவில் ஒன்றாக வேகவைத்து, ஜாம் காய்ச்சிப் பங்கிட்டுக்கொள்வது வழக்கம். அவ்வளவு பெரிய அண்டா ஊரில் வேறு யாரிடமும் இல்லை.

அந்த வருடம் வசந்தத்தில் அவருடைய கணவர் ரிஃபாத் அண்ணன் இறந்துபோயிருந்தார். பிள்ளைகள் இல்லை. கோடை முழுவதும் அக்கா வாசலுக்கு வந்ததாகவே எனக்கு நினைவில்லை. பழம் பறிக்கும் நாள் நெருங்கியபோதுதான் தெருவில் போன என்னைக் கூப்பிட்டார்.

"நாஜியே, எல்லாரும் வருவீங்கள்ல?"

"வராம எங்க போறோம் அக்கா?"

"இல்ல, சும்மா கேட்டேன். நிஜமா வருவீங்கள்ல?"

அந்தக் கேள்வி மனதில் உறுத்தியதால் மற்றவர்களுக்கு முன்பே கூடையோடு போய்விட்டேன். அக்கா கல் கூட்டி, விறகு அடுக்கி, அண்டாவை ஏற்றி வைத்திருந்தார்.

"வந்து பாருடி. மணலும் சாம்பலும் போட்டு நேத்து பூரா தேய்ச்சேன். தங்கம் மாதிரி இல்ல?"

குனிந்து பார்த்தேன். மின்னத்தான் செய்தது. ஆனால் வெள்ளையாக இருக்க வேண்டிய உட்புறம் அடியிலிருந்து பாதிவரை சிவந்து கிடந்தது. ஈயம் போய்விட்டது. வருடாவருடம் ரிஃபாத் அண்ணன்தான் அண்டாவைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோய் ஈயம் பூசிக்கொண்டு வருவார். அக்காவுக்கோ கண்ணில் புரை. வெள்ளையும் சிவப்பும் அவருக்கு ஒரே மினுக்கம். இந்தப் பழத்தின் புளிப்பு வெறும் செம்பில் பட்டால் களிம்பு ஏறும். பிள்ளைகள் தின்கிற பண்டம் அது.

அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அண்டா உதவாது என்றால் எல்லோரும் சின்னப் பானைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குக் கீழே ஷாசியே அக்கா வீட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கே குழாயும் வாசலிலேயே இருக்கிறது. இந்த முற்றத்தில் அதன்பிறகு யார் குரல் கேட்கும்?

"விறகு ஈரமா இருக்கோ அக்கா? இன்னொரு நாள் வெச்சுக்கலாமா?" என்றேன்.

"எலும்பாக் காஞ்சு கெடக்கு. உனக்கு என்னடி ஆச்சு?"

அதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். முன்னால் ஷாசியே அக்கா. அவர் நாக்குக்கு ஊரே பயப்படும். வந்ததும் அண்டாவுக்குள் தலையை நீட்டினார். அல்லாஹ்வே, இவர் வாயைக் கட்டு என்று வேண்டிக்கொண்டேன்.

"ஏ குலிசார்! ஈயம் எங்கடி? இதுல வேக வெச்சா நாளைக்கு ஊரே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடும்!"

குலிசார் அக்கா அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவர்தான் கொண்டுபோவார்," என்றார். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "நீங்க ஷாசியே வீட்டுக்கே போயிடுங்க. தண்ணியும் பக்கம்."

"மூச்சு வாங்க இந்த மேட்டை ஏறி வந்திருக்கேன். மறுபடி இறங்கணுமா? என் முட்டிக்கு நீயா எண்ணெய் தேய்ச்சு விடுவே?" ஷாசியே அக்கா பொத்தென்று தரையில் உட்கார்ந்து கூடையைக் கவிழ்த்தார். "வியாழக்கிழமை எங்க வீட்டுக்காரர் டிராக்டர்ல டவுனுக்குப் போறார், அண்டாவை ஏத்தி விடு. நாஜியே, மரம் மாதிரி நிக்காதே. ஆளுக்கொரு எனாமல் பானை கொண்டு வாங்க. என் மருமக சீதனப் பானை, பூப்போட்டது, அதையும் தூக்கிட்டு வா."

"கரி பிடிச்சிடுமே அக்கா. அவ சண்டை போடமாட்டாளா?"

"போடட்டும். அவ என்கிட்ட பேசியே நாளாச்சு."

சிரித்துக்கொண்டே கலைந்து போய்ப் பானைகளோடு திரும்பினோம். வரும்போது ஷாசியே அக்கா தன் குவியலில் பாதியைக் குலிசார் அக்கா மடியில் தள்ளியிருந்தார். குலிசார் அக்கா கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, விரலாலேயே தடவிக் காம்பையும் கருகிய பூ முனையையும் கிள்ளிக்கொண்டிருந்தார். மறைப்பதுதான் இரக்கம் என்று நான் எண்ணியிருந்தேன். உண்மையைச் சொல்லிவிட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பதும் இரக்கம்தான் என்று இறைவன் அன்று எனக்குக் காட்டினான்.

பிஸ்மில்லா சொல்லித் தீ மூட்டினோம். பழம் தோல் வெடித்துக் குழைந்ததும் மர அகப்பையால் மசித்து, சல்லடையில் தேய்த்தோம். கொட்டையும் சக்கையும் மேலே நின்றன. கீழே செங்கல் நிறத்தில் கூழ் இறங்கியது.

"போதும், சர்க்கரையைக் கொட்டு," என்றார் ஷாசியே அக்கா.

குலிசார் அக்கா ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தார். "பழத்துக்குள்ள இருக்கிற பொடி முடி இன்னும் போகல. துணியில வடிகட்டணும்."

"சல்லடையில தேய்ச்சாச்சே, போதும்டி."

"தொண்டை அரிச்சா என் வீட்டுக் கதவைத் தட்டுவியா? பிடி துணியை."

ஷாசியே அக்கா மறுபேச்சில்லாமல் ஒரு முனையைப் பிடித்தார்.

"இறுக்கிப் பிடி. வாய்க்கு இருக்கிற பலம் கைக்கு இல்லையே!" என்றார் குலிசார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "என்னடி வேடிக்கை? அந்தப் பூப்பானை அடிபிடிக்குது, வாசம் வரல உனக்கு?" என்று அதட்டினார்.

நான் ஓடினேன்.